இரவல் தர இயலாத நூல்

மறைமாவட்டக் குரு ஒருவரின் வாழ்வில் ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் ஆணை வந்தே தீரும். ஆணை வந்த மறுநாளே அவர் தம் உடைமைகளை எண்ணத் தொடங்குவார். எனக்கு இது ஆறாவது பங்கு. நான்காண்டுகளுக்கு முன் கணியம்பாடிக்கு வந்து இறங்கியபோது, சரக்கு வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கிய இளைஞர்களுள் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "சாமி, துணிமணி ஒரு பெட்டி, புத்தகம் பதினொரு பெட்டியா? இவ்வளவையும் படிச்சிட்டீங்களா?" நான் சிரித்து மழுப்பினேன். உண்மையைச் சொல்வதானால், அவற்றுள் மூன்று பெட்டிகளைக் கடந்த இரண்டு மாற்றல்களிலும் நான் திறக்கவே இல்லை. கட்டிய கயிறு கட்டியபடியே அவை ஊர்விட்டு ஊர் வந்திருந்தன.

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகத் திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ளது கணியம்பாடி. தென்மேற்கே அமிர்திக் காடும் அதற்கப்பால் ஜவ்வாது மலைத்தொடரும் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மலைமேல் மேகம் இறங்கி நின்றுவிட்டால் பங்கு இல்லத்துச் சுவர்களின் ஈரம் மூன்று நாட்களுக்குக் காய்வதில்லை. வந்த முதற் கார்த்திகையிலேயே கரையான் என் அறையைக் கண்டுபிடித்துவிட்டது. ஒருநாள் காலை பெட்டி ஒன்றைத் தூக்கினேன். அடிப்பகுதி தரையிலேயே தங்கிவிட்டது. உள்ளே இருந்த திருச்சபை வரலாற்று நூல்கள் இரண்டின் அட்டைகள் மட்டும் நலமாக இருந்தன. நடுவில் மண்ணே இருந்தது.

அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு விடுமுறையில் வந்த என் தமக்கை மகன் ஒரு மின்வாசிப்புக் கருவியைப் பரிசாகத் தந்தான். சிலேட்டைவிடச் சிறியது, எடை இருநூறு கிராம்கூட இராது. "மாமா, உங்க பதினொரு பெட்டியும் இதுக்குள்ள அடங்கிடும். இதைக் கரையான் தின்னாது" என்றான். நான் முதலில் நம்பவில்லை. ஒரு வாரத்தில் அதற்கு அடிமையாகிவிட்டேன் என்றே சொல்லவேண்டும். மலையடிவாரக் கிளைக் கிராமங்களுக்குத் திருப்பலிக்குச் செல்கையில் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் படிக்கும் நேரமாயிற்று. மின்சாரம் நின்ற இரவுகளிலும் அதன் திரை ஒளிர்ந்தது. என் கண்ணாடியை மாற்றவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு அச்செலவையும் ஓராண்டு தள்ளிப்போட்டேன்.

இந்த மகிழ்ச்சியில் நான் செய்த ஒரு செயலை இங்கே மறைக்காமல் எழுதவேண்டியிருக்கிறது. அடுத்த கோடையில் ஐந்து பெட்டிப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடைக்காரரிடம் எடைக்குப் போட்டேன். நூற்று நாற்பது கிலோ இருந்தது. கிலோ பன்னிரண்டு ரூபாய் வீதம் ஆயிரத்து அறுநூற்று எண்பது ரூபாயை எண்ணிக் கொடுத்தார். அந்தப் பணத்தில் மீதமிருந்த அலமாரிக்குக் கரையான் மருந்து அடித்தேன். தேவையானவற்றை மின்நூலாக வாங்கிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே ஆறுதல் கூறிக்கொண்டேன். அவ்வாறே சிலவற்றை வாங்கவும் செய்தேன். அவற்றுள் தமிழ்க் காப்பியங்களைப் பற்றிய ஆய்வு நூல் ஒன்று. குருமட நாட்களில் வாங்கி ஓரங்களில் பென்சிலால் குறிப்பெழுதிய அந்நூல் எடைக்குப் போனவற்றுள் ஒன்றாகும். அதையே நூற்றெண்பது ரூபாய்க்கு மின்நூலாக மீண்டும் வாங்கினேன். அச்சில் அதன் விலை முந்நூறு. நூற்றிருபது ரூபாய் மிச்சம் என்று கணக்கிட்டேன்.

அந்தக் கணக்கு தவறு என்பதை எனக்குக் காட்டியவர் ஒரு மாணவி.

எங்கள் பங்கில் மாலைநேரப் படிப்பகம் ஒன்று நடைபெறுகிறது. சுற்றுவட்டாரப் பிள்ளைகள் சமய வேறுபாடின்றி அங்கே படிக்க வருகிறார்கள். சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வரும் அந்த மாணவி, ஜவ்வாது மலைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். நம் சமயத்தவர் அல்லர். அத்தை வீட்டில் தங்கி, நாள்தோறும் வேலூர் சென்று கல்லூரியில் இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு படிக்கிறார். அவர் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவரே. ஒருநாள் வகுப்பில் வாசிக்கவேண்டிய கட்டுரை ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, மேற்சொன்ன ஆய்வு நூலைப் பற்றி நான் ஆர்வத்துடன் எடுத்துரைத்தேன். அவர் கண்கள் விரிந்தன.

"அந்தப் புத்தகம் உங்ககிட்ட இருக்கா ஃபாதர்? ஒரு வாரத்துக்குக் குடுப்பீங்களா?"

இருக்கிறது என்றேன். கருவியைக் கையில் எடுத்த பிறகே எனக்கு உறைத்தது: அந்நூல் என்னிடம் இருந்தது, ஆனால் அதை அவரிடம் கொடுக்க எனக்கு வழியில்லை. என் கணக்கில் வாங்கிய நூல் என் கணக்கிலேயேதான் இருக்கும். எடுத்து இன்னொருவர் கைப்பேசியில் வைக்க அதன் பூட்டு இடம் கொடாது. கருவியையே கொடுத்தனுப்பினேன். இரண்டாம் நாளே அதை ஒரு துண்டில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தார். இருபது பக்கமே படித்திருந்தார். "பயமா இருக்கு ஃபாதர். சின்னத் தம்பிங்க இருக்கற வீடு. கீழ விழுந்து உடைஞ்சா நான் எங்க போவேன்?" என்றார். அந்தக் கருவியின் விலை அவருடைய அத்தையின் இரண்டு மாதக் கூலிக்கு நிகர். இரவல் கொடுத்த பொருள் படிப்பவரை அச்சுறுத்துமானால் அது எப்படி இரவலாகும்?

நான் எடைக்குப் போட்ட நூலை அன்றிரவு நினைத்துக்கொண்டேன். அரைக் கிலோ இருக்கும். ஆறு ரூபாய். அது அந்த அலமாரியிலேயே இருந்திருந்தால் அன்று மாலையே மலையேறிப் போயிருக்கும்.

இங்கே நான் நிறுத்திவிட்டால், பழைய தலைமுறைக் குரு ஒருவர் காகிதத்தின் மணத்துக்காக வழக்காடுகிறார் என்று வாசகர் எண்ணக்கூடும். அது நேர்மையாகாது. ஏனெனில், அதே கருவி வேறொரு வீட்டில் செய்ததையும் நான் கண்டிருக்கிறேன்.

எங்கள் பங்கில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். வயது எண்பத்திரண்டு. விழித்திரைத் தேய்வினால் ஆறாண்டுகளாக அவரால் அச்செழுத்தைப் படிக்க இயலவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடி, மேசை விளக்கு என்று எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் தம் நூல்களை எல்லாம் பள்ளிக்கே கொடுத்துவிட்டார். நற்கருணை கொண்டுசெல்லும் முதல் வெள்ளிக்கிழமைகளில் அவர் என்னிடம் கேட்பது ஒன்றே: "இந்த மாசம் என்ன படிச்சீங்க சாமி? கொஞ்சம் சொல்லுங்க." மாணவி கருவியைத் திருப்பித் தந்த வாரம் அதை அவரிடம் எடுத்துச்சென்றேன். எழுத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கினேன். ஒரு திரையில் நான்கு வரிகளே நின்றன. அதில் இருந்தது வீரமாமுனிவரின் தேம்பாவணி. அவர் கருவியை முகத்தருகே வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தடவுவதுபோல் முதற் செய்யுளைப் படித்து முடித்தார். அதற்குக் கால்மணி நேரம் ஆயிற்று. பிறகு கருவியை மடியில் வைத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

அவருக்கு அந்நூலின் விலை என்ன? ஒரு காசும் இல்லை. தேம்பாவணியை நான் விலை கொடுத்து வாங்கவில்லை. மதுரைத் திட்டத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொண்டது அது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் தொடங்கிய முயற்சி மதுரைத் திட்டம். பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியமின்றித் தத்தம் வீடுகளில் அமர்ந்து தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் சங்க நூல்கள் முதல் இருபதாம் நூற்றாண்டுப் படைப்புகள் வரை மின்வடிவில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். தேம்பாவணியில் 3,615 செய்யுட்கள் உள்ளன. அவற்றை எல்லாம் ஒருவரோ பலரோ எழுத்தெழுத்தாக விசையில் தட்டியிருக்கவேண்டும். அவர்கள் பெயர் தெரியாத அந்த உழைப்பினால்தான் கணியம்பாடியில் ஒரு முதியவரின் ஆறாண்டு இருள் சற்று விலகிற்று.

ஆக, ஒரே கருவியில் இரண்டு மின்நூல்கள். ஒன்று நூற்றெண்பது ரூபாய் கொடுத்து வாங்கியது. கேட்ட மாணவிக்கு அதைக் கொடுக்க முடியவில்லை. மற்றொன்று காசு கொடுக்காமல் பெற்றது. அதை யாருக்கும் கொடுக்கலாம். மின்நூல் அதன் விலைக்குத் தகுதியானதா என்னும் கேள்வியைச் சில மாதங்களாக நான் சிந்தித்து வருவதற்கு இந்த இரண்டு வீடுகளே காரணம்.

முதலில் விலையின் பக்கத்தைப் பார்ப்போம். அச்சு நூல் ஒன்றின் விலையில் காகிதம், அச்சுக்கூலி, கட்டுமானம், கிடங்கு, போக்குவரத்து, விற்பனையாளர் கழிவு எல்லாம் அடங்கியிருக்கின்றன. மின்நூலுக்கு இவற்றுள் பெரும்பாலானவை இல்லை. ஆனால் எழுதியவரின் உழைப்பு, பிழை திருத்தியவரின் உழைப்பு, பதிப்பாசிரியரின் உழைப்பு ஆகியவை இரண்டுக்கும் பொதுவானவை. மின்நூல் என்றால் பத்து ரூபாய்க்குக் கிடைக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அச்சு நூலில் எழுதியவருக்குக் கிடைக்கும் பங்கு வழக்கமாகப் பத்து விழுக்காடு அளவில்தான். 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் மின்நூல் விற்பனையைத் தொடங்கிய அமேசான் கிண்டிலில், தாமே நூலை வெளியிடும் எழுத்தாளருக்கு 35 அல்லது 70 விழுக்காடு கிடைக்கிறது. பதிப்பகத்தாரின் வாசலில் காத்திருந்து களைத்த எழுத்தாளர்கள் பலருக்கு இது ஒரு திறந்த கதவு. இதை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

வரியிலும் ஒரு வேறுபாடு உண்டு. அச்சிட்ட நூலுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை. மின்நூலுக்கு முதலில் 18 விழுக்காடு வரி இருந்தது; 2018 ஜூலையில், அச்சுப் பதிப்பும் உள்ள மின்நூல்களுக்கு மட்டும் அது 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மறுபுறம், அச்சு நூல் நம் ஊருக்கு வந்து சேரும் செலவையும் எண்ணவேண்டும். கணியம்பாடியிலிருப்பவர் வேலூருக்குப் போய்வரலாம். மலைமேல் இருப்பவருக்கு ஒரு நூல் வாங்க ஒரு நாள் கூலியும் சேர்ந்து போகிறது. நூல்களுக்கென்று நெடுங்காலம் இருந்த பதிவு நூல் அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டபோது சிறு பதிப்பகத்தார் பலர் வருந்தினர். பின்னர் 2025 மே முதல் 'ஞான் போஸ்ட்' என்னும் பெயரில் கல்வி, பண்பாடு, சமய நூல்களுக்கான சேவை வந்துள்ளது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய் என்று அதன் கட்டணம் அறிவிக்கப்பட்டது. மின்நூலோ அலைபேசிக் கோபுரத்தின் அருள் இருந்தால் ஒரு நொடியில் வந்துவிடுகிறது.

இவ்வாறு கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஒரே ஒருவர் ஒரே ஒருமுறை படிப்பதற்கு மின்நூல் மலிவு என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு நூலை ஒருவர் மட்டும்தான் படிக்கிறாரா? முந்நூறு ரூபாய் அச்சு நூலைப் பத்துப் பேர் படித்தால் தலைக்கு முப்பது ரூபாய். நூற்றெண்பது ரூபாய் மின்நூலை நான் மட்டும் படித்தால் தலைக்கு நூற்றெண்பது. நான் மிச்சம் என்று எழுதி வைத்த நூற்றிருபது ரூபாயை உண்மையில் இழந்தவர்கள், எனக்குப்பின் அந்நூலைப் படித்திருக்கக்கூடிய அந்த ஒன்பது பேர்.

சீர்காழியில் பிறந்து இந்திய நூலக இயலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே என்பது முதல் விதியின் கருத்து. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்கவேண்டும் என்பதும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்கவேண்டும் என்பதும் அடுத்த இரண்டு. அச்சிந்தனையின் வழியில்தான் 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் பிறந்தது. இன்றும் நாம் செலுத்தும் சொத்துவரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது. அதனால் தமிழகத்தில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் நடக்கின்றன. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு நூல் போகலாம் என்னும் எளிய உண்மையின்மேல் எழுந்த கட்டடம் அது. பூட்டிய மின்நூல் அந்த அடித்தளத்தையே இல்லாமற் செய்துவிடுகிறது.

அது மட்டுமன்று. பூட்டிய மின்நூல் நம்முடையதுதானா என்பதும் ஐயமே. 2009 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரு நாவல்களின் மின்பதிப்புகளை உரிமையில்லாத ஒருவர் விற்றுவிட்டார் என்பதற்காக, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அவற்றை அமேசான் நிறுவனம் அழித்துவிட்டது. பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் அந்நூலைப் படித்துக் குறிப்பெழுதி வைத்திருந்த பள்ளி மாணவர் ஒருவர், தம் குறிப்புகள் பொருளற்றுப் போயின என்று வழக்குத் தொடர்ந்தார். 2019இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் மின்நூல் கடையை மூடியபோது, வாங்கிய நூல்கள் அனைத்தும் வாசகர்களிடமிருந்து மறைந்தன. விலை முழுவதும் திருப்பித் தரப்பட்டது. நூலின் ஓரத்தில் குறிப்பெழுதியிருந்தவர்களுக்கு மேலும் 25 டாலர் வழங்கப்பட்டது. ஒரு மனிதர் தாம் படித்த நூலோடு பேசிய பேச்சுக்கு 25 டாலர் என்று விலை குறித்தார்கள். நானோ என் குறிப்புகளை ஆறு ரூபாய்க்கு விற்றவன். அவர்களைக் குறைசொல்ல எனக்குத் தகுதி இல்லை. கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், இத்தகைய மின்பொருள்களை விற்போர், வாங்குபவருக்குக் கிடைப்பது உடைமையன்று, பயன்படுத்தும் உரிமமே என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்று கட்டளையிடுகிறது. வாடகை வீட்டுக்கு வாடகை கொடுப்பதில் தவறில்லை. அதை வாங்கிய வீடு என்று நம்பித் தோட்டம் போடுவதுதான் பிழை.

இனி, அச்சு நூல் அழியாதது என்று யாரும் கருதிவிடவேண்டாம். என் கரையான்களே அதற்குச் சாட்சி. அவற்றினும் கொடிய சாட்சி யாழ்ப்பாணம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் மதிப்பிடற்கரிய ஓலைச்சுவடிகளும் ஒரே இரவில் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாத நூல்கள் அவற்றுள் இருந்தன. அந்தக் காயத்தின் நினைவோடு வாழும் ஈழத் தமிழர்கள் 2005ஆம் ஆண்டு முதல் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தை நடத்திவருகிறார்கள். நூல்களையும் இதழ்களையும் பழைய துண்டுப் பிரசுரங்களையும்கூட ஒளிப்படியெடுத்து யாவருக்கும் இலவசமாக வைக்கிறார்கள். தீயும் எட்டாத இடத்தில் பல படிகளாக நூல் இருக்கவேண்டும் என்பதை அவர்கள் விலைகொடுத்துக் கற்றவர்கள். தமிழகத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இப்பணியைச் செய்கிறது.

நம் சொந்த வரலாற்றிலும் இதற்குப் பாடம் உண்டு. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் வெளிவந்தது. அண்ட்ரிக் அடிகளார் தமிழாக்கிய பதினாறே பக்கச் சிறு நூல். அச்சுப் பணிக்குப் பொருளுதவி செய்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். அவர்களுள் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கிச் சேர்த்த காசைத் தம்மால் படிக்க இயலாத நூலுக்கும் கொடுத்த மக்கள் இருந்திருக்கவே வேண்டும். அந்நூலின் படி ஒன்று பின்னாளில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருப்பது தெரியவந்தது. தவத்திரு தனிநாயக அடிகளார் போன்றோர் அதனைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தனர். அச்சிட்ட படிகள் ஓரிடத்தில் பூட்டிக் கிடந்திருந்தால் இன்று நமக்கு ஒன்றும் மிஞ்சியிராது. பல கைகளுக்குப் போயின. அவற்றுள் ஒன்று எங்கோ தப்பிப் பிழைத்தது.

மதுரைத் திட்டத்தின் தட்டச்சாளர்களும் அப்பரதவர்களும் செய்தது ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது. இலவச நூல் என்று ஒன்று உலகில் இல்லை. நமக்காக வேறொருவர் முன்பே விலையைச் செலுத்திவிட்டார் என்பதுதான் அதன் பொருள். ஆகவே ஒரு நூலை வாங்குமுன் நான் என்னிடம் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி, இது காகிதமா மின்திரையா என்பதன்று. இதை நான் படித்து முடித்தபின் யாருக்காவது கொடுக்க முடியுமா என்பதே. முடியுமானால், அது எவ்வடிவில் இருந்தாலும் அதன் விலைக்கு மேல் மதிப்புடையது. முடியாதானால், அது என் ஒருவனுக்கான பேருந்துச் சீட்டு. பயணத்துக்குச் சீட்டு வாங்குவது குற்றமன்று. பயணம் முடிந்ததும் அதைச் சொத்தென்று எண்ணிப் பெட்டியில் வைக்கவேண்டியதில்லை.

பூட்டுப் போட்டுத்தான் எழுத்தாளரின் உழைப்பைக் காக்க முடியும் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. திருட்டுப் படிகளை நொடியில் ஆயிரம் பேருக்கு அனுப்பும் காலம் இது. எங்கள் பங்கு இளைஞர் குழுவில்கூட, அண்மையில் வெளிவந்த நாவலின் திருட்டுப் படி ஒன்று கைப்பேசிக்குக் கைப்பேசி தாவியதைக் கண்டு நான் கடிந்துகொண்டேன். எழுதியவருக்குச் சேரவேண்டிய கூலியைப் பிடித்து வைப்பது, வயலில் அறுத்தவரின் கூலியைப் பிடித்து வைப்பதற்கு ஒப்பாகும். நம் நாட்டில் எழுதியவர் மறைந்து அறுபது ஆண்டுகள்வரை உரிமை காக்கப்படுகிறது. அதை மதிக்கவேண்டியது நம் கடமை. ஆனால் நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு நூலை, நான் படிக்காத ஒரு வாரத்துக்கு ஒரு மாணவிக்குக் கொடுப்பதனால் எந்த எழுத்தாளரின் கூலியும் குறைவதில்லை. திருட்டுக்கும் இரவலுக்கும் உள்ள இடைவெளியைக் காட்டும் ஒரு வழியைக் கருவி செய்வோர் கண்டுபிடிக்கட்டும். பார்வையற்றோர் படிக்கக்கூடிய வடிவில் நூல்களைத் தர வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. மனம் இருந்தால் சட்டத்துக்குள்ளேயே வழி பிறக்கும் என்பதற்கு அது சான்று.

இவ்வளவும் சிந்தித்தபின் நான் செய்தவை மிகச் சிறியவை. கருவியைத் தலைமையாசிரியரிடமே விட்டுவிட்டேன். பொதுவுடைமையான நூல்களை அதில் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். கட்டளைச் செபத்துக்கு என் பழைய புத்தகமே போதும். அவர் இப்போது தேம்பாவணியின் இரண்டாம் காண்டத்தில் இருக்கிறார். முதல் வெள்ளிக்கிழமைகளில் அவர்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "சாமி, நீங்க இதைக் குருமடத்துல அவசர அவசரமாப் படிச்சிருப்பீங்க" என்று சிரிக்கிறார். உண்மைதான்.

மீதமிருந்த புத்தகங்களை என் அறையிலிருந்து எடுத்துப் படிப்பகத்தின் சுவரலமாரியில் அடுக்கினேன். பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். எடுப்பவர் பெயர், எடுத்த நாள், நூலின் பெயர் என்று மூன்று பத்திகள். திரும்பக் கொடுத்த நாள் என்று நான்காவது பத்தி போடலாமா என்று எண்ணிப் பிறகு விட்டுவிட்டேன். அந்த ஆய்வு நூலை அஞ்சலில் மூன்றாம் முறையாக விலைகொடுத்து வாங்கினேன். காகிதத்தில் முந்நூறு ரூபாய், அஞ்சற் செலவு தனி. நோட்டின் முதல் வரியில் அந்த மாணவியின் பெயர் இருக்கிறது.

அவர் அதைப் படித்துக் கட்டுரை வாசித்துவிட்டார். அதன்பின் கல்லூரித் தோழி ஒருத்தி கேட்டாளாம், கொடுத்தாராம். அத்தோழியின் ஊரில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அண்ணன் ஒருவர் வாங்கிப் போயிருக்கிறாராம். "புத்தகத்தைத் திரும்ப வாங்கித் தரட்டுமா ஃபாதர்?" என்று சென்ற வாரம் அவர் சற்றே தயக்கத்துடன் கேட்டார். ஆறு மாதங்கள் ஆகின்றன. அலமாரியில் அதன் இடம் வெறுமையாகவே இருக்கிறது. அவசரமில்லை என்று சொல்லிவிட்டேன்.